உப்புப் போட்ட ஐஸ்

ஆயர் ஈத்தாம் பாசாரில், அந்த ஊர்ச் சந்தையில், மீன் விற்ற மீரா சாகிப்பிடம் கெட்ட மீன் வாங்கினேன் என்று யாரும் சொன்னதில்லை. பலகையில் மீனை அடுக்குவதற்கு முன் உடைத்த ஐஸில் கல்லுப்பை அள்ளித் தூவிப் பிசறுவார். உப்புப் பட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகம் குளிரும். வெயில் ஏறினாலும் வவ்வால் மீனின் கண் மங்காது.

"சாகிப் அண்ணே, உங்க மீனுக்கு இருக்கிற ஏர்கோன் என் வீட்டுல இல்லலா," என்பான் பக்கத்துக் காய்கறிக் கடை கோகுலன்.

"வந்து படுத்துக்க. யாராச்சும் விலை கேட்டா, இது மட்டும் ஓசின்னு சொல்லிடறேன்."

மனைவி காலமான பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை தங்கை காமாரியா. பாலம் தாண்டிப் பெருநிலத்திலுள்ள பத்து காவான் ஊரின் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவள். கணவனைப் பிரிந்து வந்து அண்ணனோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். நாற்பத்தைந்து வயதில் அவள் பாதங்கள் மரத்துப் போகத் தொடங்கின. படியில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் வீடு வரை நடந்து வந்துவிடுவாள். சர்க்கரை நோய் என்றார்கள், இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கவில்லை. அவர்களுடைய தாயும் இப்படித்தான் கால் மரத்து, கை மரத்து, கடைசியில் இதயம் தளர்ந்து போனார். அந்தக் காலத்தில் அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை.

நரம்பு மருத்துவர் பெயர் சொன்னார். பரம்பரை நோய். ஈரல் ஒரு புரதத்தைப் பழுதாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அது வண்டல்போல நரம்புகளில் படிகிறது. சாகிப்பையும் சோதித்தார்கள். அவருக்கு இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரே அம்மாதானேண்ணே நமக்கு? ஒனக்கு மட்டும் எப்படி டிஸ்கவுண்ட் போட்டாங்க?" என்று காமாரியாதான் சிரித்தாள்.

மருந்து ஒன்று இருந்தது. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி ஈரலுக்குள் போகும் கட்டளையை மறித்து அழிக்கும் ஆர்.என்.ஏ. துண்டு. அதை அப்படியே ஏற்றினால் இரத்தமே சிதைத்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு மணிகளுக்குள் பொதிந்து ஏற்றுவார்கள். ஈரல் அதைத் தனக்கு வந்த கொழுப்பு என்று எண்ணி உள்ளே வாங்கிக்கொள்ளும். விலை அவர்களால் எட்ட முடியாதது. வெளிநாட்டு நிறுவனம் சிலருக்கு இலவசமாகக் கொடுத்த திட்டத்தில் காமாரியாவுக்கு இடம் கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் வாழ்ந்த தீவின் மருத்துவமனையில் ஏற்றினார்கள். போன உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் நோய் நின்ற இடத்தில் நின்றது. கைத்தடி ஊன்றிப் பாசார் வரை வந்து, அண்ணன் கடையில் அமர்ந்து, வாடிக்கையாளர்களோடு வாயாடும் அளவுக்கு நடை மிஞ்சியிருந்தது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. மருந்தைக் காக்கும் கிடங்கு பத்து காவானில் இருந்தது. அவ்வாண்டுக்கு அவளுக்கு மிச்சமிருந்த மருந்து முழுவதும் ஒரே பெட்டியில் அன்று மருத்துவமனைக்கு வரவேண்டும். கிடங்கின் வண்டி பழுது. நாளைதான் அனுப்ப முடியும் என்றார்கள். காமாரியாவுக்கு ஏற்ற வேண்டிய நாளோ அன்று. மருத்துவமனை சம்மதிக்க, சாகிப் தம் மீன் வேனில் போய்ப் பெட்டியை வாங்கினார்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றே இல்லை. தீவுக்குத் திரும்பும் பாலத்தில் விபத்து, வண்டிகள் நகரவில்லை. வேனுக்குள் தகித்தது. கொரோனா ஊசியும் இதே இனம்தான், கொழுப்பு மணியில் வரும் ஆர்.என்.ஏ.தான் என்று மருத்துவமனைத் தாதி ஒருத்தி முன்பு சொல்லியிருந்தாள். அந்த ஊசியை எத்தனை கடுங்குளிரில் வைத்தார்கள் என்று நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பின்னால் மீன் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. உப்பும் இருந்தது. மருந்துப் புட்டிகள் இருந்த அட்டைப்பெட்டியை வெளியே எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நல்ல மீனை வைப்பதுபோல உப்பு ஐஸுக்குள் ஆழப் புதைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் மனம் அமைதியானது.

மருத்துவமனையில் மருந்தாளர் ஹுஸ்னா அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே வெப்பம் பதியும் சிறு கருவியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. புட்டி ஒன்றைச் சாய்த்தாள். உள்ளிருந்தது அசையவில்லை.

"அங்கிள், இதை எதுல வச்சீங்க?"

"ஐஸ்லதாம்மா. உப்புப் போட்டு. சூடு படவேயில்ல, சத்தியமா."

"உறைஞ்சிடுச்சு அங்கிள். இது குளிரா இருக்கணும், ஆனா உறையவே கூடாது. உறைஞ்சா அந்தக் கொழுப்பு மணியெல்லாம் உடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"கொரோனா ஊசி..."

"அதைச் செஞ்ச விதம் வேற அங்கிள்."

"மெதுவா கரைய விட்டா?"

அவள் உதவாது என்று தலையை அசைத்தாள். சாகிப்புக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உறைந்து இளகிய மீனின் சதை எப்படி நைந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

மாடியில் காமாரியா சாய்வு நாற்காலியில் இருந்தாள். அண்ணன் பாலம் தாண்டிவிட்டார் என்று தெரிந்ததும் ஒவ்வாமைக்கு முன்கூட்டியே கொடுக்கும் மருந்துகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். கண் சொருகியது.

"என்னண்ணே, மருந்து வந்துச்சா? தூக்கம் வருதுலா."

கிடங்கில் தவறு என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"நான்தான் கெடுத்துட்டேன் காமாரியா. உப்பு ஐஸ்ல வச்சேன். எல்லாம் உறைஞ்சு போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"சூடு பட்டுடும்னு பயந்துட்டே," என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அவ்வாண்டின் பங்கு கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். மறு விண்ணப்பம், அனுமதி, இறக்குமதி என்று எட்டு மாதங்கள் ஓடின. அதற்குள் மரத்துப் போனது முழங்காலைத் தாண்டியது. குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. அதன் பிறகு அவள் எழுந்து நிற்கவில்லை. விரல்களும் மரத்துப்போக, சட்டைப் பித்தானை அண்ணன் போட்டுவிட வேண்டியதாயிற்று. சாகிப் கடையை விற்றார்.

மருந்து மீண்டும் வந்த அன்று, சொட்டு இறங்கத் தொடங்கியதும், அவர் ஹுஸ்னாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு நான் அதை உறைய வைக்காம இருந்திருந்தா, இவ இப்ப நடப்பாளா?"

ஹுஸ்னா யோசித்தாள். "சொல்ல முடியாது அங்கிள். சிலருக்கு மருந்து போட்டாலும் நோய் கூடிக்கிட்டே போகும். சிலருக்கு நிக்கும்."

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. எதுன்னாலும் பரவால்ல."

"தெரியாததை எப்படி அங்கிள் சொல்றது?"

அவர் உள்ளே திரும்பினார். காமாரியா விழித்திருந்தாள்.

"என்ன கேட்டே அவகிட்ட?"

"எப்ப வீட்டுக்குப் போலாம்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"கொஞ்ச நேரமாகுமாம்," என்று சொல்லி, நழுவிய போர்வையை இழுத்து, குளிரை உணராத அந்தப் பாதங்களை மூடினார்.