படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி

சகாயமேரியைப் பற்றி எங்கள் சந்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். புருஷன் போன அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளைப் போலத் தெளிவான பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. எதிர் வீட்டில் குடியிருந்தவன் என்கிற முறையில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு யார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

என் பெயர் லட்சுமணன். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற வழியில், மூன்று அடுக்குக் கட்டடத்தில் மேல் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் உலகநாதன். அவருக்கு மேலே இரண்டு குடித்தனம். அதற்கும் மேலே ஒரு கதவு என்னுடையது, எதிர்க் கதவு சகாயமேரியுடையது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை. இரண்டு வீடுகளின் வாசலில் நின்றாலும் படிக்கட்டு பாதியில் திரும்புகிற அந்தச் சின்னத் தளம் தெரியும். கதை முழுக்க அங்கேதான் நிற்கிறது.

சகாயமேரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் திருப்பி, பிசிறு நூலை வெட்டி, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. படியில் எதிரே வந்தால் என் சட்டையைப் பார்த்து, அண்ணாத்தே பட்டன் தொங்குது, கழட்டிக் குடு என்பாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே, சுவரில் ஆணி அடிக்கலாமா என்று உலகநாதனிடம் கேட்டாள். கூடாது என்றார். திரு இருதய ஆண்டவர் படத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களெல்லாம் ஆண்டவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் புருஷன் இக்னேஷியஸ், பாடியில் ஒரு பழைய ஃபேக்டரியில் லேத் மெஷின் ஓட்டினார். வாய் திறக்காத மனிதர். ஆனால் அவர் வருவது கட்டடம் முழுக்கத் தெரியும். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து படியேறும்போது பைக் சாவியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவார். டிங், டிங் என்று வந்து, படி திரும்பும் இடத்தில் சத்தம் நிற்கும். மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்துக்குள் சகாயமேரி அடுப்பைப் பற்றவைத்து டீத்தண்ணி போட்டுவிடுவாள். அப்புறம் மறுபடி டிங், டிங். வாசலில் செருப்பு விழும். மகள் ரெனிதா கதவைத் திறப்பாள். இவ்வளவுதான் அவர்கள் குடும்ப வாழ்க்கை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

போன வருஷம் தை மாதத்தில் ஒரு மத்தியானம் இக்னேஷியஸ் மெஷின் முன்னாலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. சாயங்காலம் ஆம்புலன்ஸ் வரும் என்று போன் வந்ததும் சகாயமேரி அழுதுகொண்டே ஹாலைக் காலி செய்தாள். கட்டிலை நிமிர்த்திச் சாத்தினாள். தரையைத் துடைத்தாள். ஆண்டவர் படத்தை ஃபிரிட்ஜிலிருந்து இறக்கி, தலைமாடு வரும் இடத்தில் ஸ்டூல் மேல் வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். அவர்கள் வழக்கம் அது. ஆளை வீட்டுக்குள் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, வீட்டிலிருந்துதான் கோயிலுக்கும் கல்லறைக்கும் எடுப்பார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படி திரும்பும் இடம் வரை வந்துவிட்டார்கள். அப்போது பின்னாலேயே உலகநாதன் ஓடி வந்தார். அவர் மகளுக்கு மறு மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

"தப்பா நெனைக்காதம்மா. கல்யாணத்த வெச்சுகினு கீறேன். மேல வாணாம். பக்கத்து மனையில ஷாமியானா போட்டுத் தரேன்" என்றார்.

நான் கத்தினேன். என் கத்தல் ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை பேர் போனது. உலகநாதன் நிமிர்ந்து பார்த்து, நீயும் இங்கே வாடகைக்குத்தான் கீற லட்சுமணா என்றார். நான் என் வாசலுக்குள் ஒதுங்கிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் அந்தச் சின்னத் தளத்தில் கஷ்டப்பட்டுத் திரும்பி, கால் முன்னாலும் தலை பின்னாலுமாக இறங்கியது. சகாயமேரி மேலே வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய் மெழுகுவத்தியைக் கையில் எடுத்து, அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கீழே போனாள்.

காலையில் வேலைக்குப் போன மனிதர் கடைசிவரை வீட்டுக்குத் திரும்பவில்லை. காலி மனையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார், மறுநாள் அங்கிருந்தே போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு ஒரு நாள் சகாயமேரி என் வாசலில் வந்து நின்றாள். அவர் வருகிறார் என்றாள். சாயங்காலம் அதே நேரத்துக்குச் சாவிச் சத்தம் கேட்கிறதாம். படி திரும்பும் இடம் வரை வருகிறதாம். அங்கே நின்றுவிடுகிறதாம். இவள் டீ போட்டு வைத்துக் காத்திருந்தாலும் மேலே வருவதில்லையாம்.

"அங்கதானே அவரத் திருப்பி அனுப்பினாங்க. மேல வரலாமா கூடாதான்னு தெரியாம நின்னுகினு கீறாரு."

எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. பஸ் இன்ஜினுக்கும் விசிலுக்கும் பக்கத்திலேயே இருந்து என் காது பாதி செத்துவிட்டது. மனசு அப்படித்தான் இருக்கும் மேரி, போகப் போகச் சரியாகும் என்று ஏதோ சொல்லிவைத்தேன். பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். ஆன்மா ஆண்டவர் கையில் இருக்கிறது, படிக்கட்டில் நிற்காது என்றார். சகாயமேரி அவரிடம் சரிங்க ஃபாதர் என்றாள். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் படி திரும்பும் இடத்தில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். எவ்வளவு நேரம்தான் நிற்பார், காலையிலிருந்து லேத் முன்னாலும் நின்றவர்தானே என்றாள்.

அதிலிருந்து அந்தப் படிக்கட்டே மாறிப்போனது. ரெனிதா காலேஜ் விட்டு வந்தால் கீழேயே நின்று அம்மாவுக்குப் போன் போடுவாள். அம்மா இறங்கிவந்து கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள், அந்த நாற்காலியைத் தாண்டும்போது கழுத்துக்குப் பின்னால் குளிர்கிறது என்று சொல்லி சிலிண்டரைக் கீழேயே இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தான். உலகநாதனின் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி நாற்காலிக்குக் கீழே வைத்தாள். சகாயமேரி அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்து, விரட்டுறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா இவங்களுக்கு என்றாள். உலகநாதன் நாற்காலியை எடுத்து மொட்டை மாடியில் போடுவார். அவள் மறுபடி கொண்டுவந்து வைப்பாள். கடைசியில் அவரும் விட்டுவிட்டார். ஒரு நாள் டேங்க் பார்க்க மேலே ஏறியவர், நாற்காலியிடம் ஒதுங்கி, கொஞ்சம் தள்ளிக்கப்பா என்று முனகியதை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். சிரிக்கலாம் என்று நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் சகாயமேரி வீடு மாறுவதாகச் சொன்னாள். பயந்துகொண்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். இந்த வீட்டில் அவரை உள்ளே விடமாட்டார்கள், விடுகிற வீடாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். புரோக்கர் கிரணைப் பிடித்தாள். லீவு நாளில் கிரண் ஸ்கூட்டர் முன்னால் போக, இவள் ஷேர் ஆட்டோவில் பின்னால் போவாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். எங்க வீட்டில் யாராவது செத்துப்போனால் உள்ளே கொண்டுவந்து வைக்க விடுவீர்களா என்று. அம்பத்தூரில் ஒரு வீட்டுக்கார அம்மா அந்த வார்த்தையைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டாள். பாடியில் ஒருவர், வீட்டில் யாருக்காவது பெரிய வியாதியா என்று விசாரித்தார். சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு வீட்டில், நம்ம ஜனங்கதான், ஆனாலும் அது மட்டும் வேண்டாம் சிஸ்டர் என்றார்கள். கிரண் என்னிடம் வந்து புலம்பினான். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கச் சொல்லுங்கள் என்றான். நான் அவளிடம் சொன்னேன். அப்போ கேட்டால் ஏமாற்றினது மாதிரி ஆகிவிடும் என்றாள். தையல் விட்ட சட்டையைப் பெட்டியில் போட அவளுக்குக் கை வராது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் பூந்தமல்லியில் ஒரு வீடு அமைந்தது. பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் சந்தில், ஒரே ஒரு மாடி. வீட்டுக்கார அம்மா பெயர் ஃபக்ருன்னிசா. நானும் கூடப் போயிருந்தேன். சகாயமேரி வழக்கம்போல முதலில் அதைத்தான் கேட்டாள். கிரண் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அம்மா இவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க மாமியாரக் குளிப்பாட்டினது அந்த ஹால்லதான், என் ஊட்டுக்காரரையும்தான். அவங்கவங்க ஊட்டுக்கு வராம எங்கம்மா போவாங்க? வெச்சுக்கோ."

புருஷன் போனபோதுகூட நான் அப்படி அழுது பார்க்காத பெண், முன்பின் தெரியாத வாசலில் உட்கார்ந்து அழுதாள். எழுந்த பிறகுதான் ஆணி அடிக்கலாமா என்று கேட்டாள். ஃபக்ருன்னிசா உள்ளே போய்ச் சுத்தியலையே எடுத்துவந்து காட்டினார்.

காலி செய்கிற நாளில்தான் சிக்கல் வந்தது. அவள் சாயங்காலம் வண்டி ஏற்றலாம் என்றாள். அவர் வருகிற நேரம் அதுதானே, கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவள் கணக்கு. மத்தியானம் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறது, ராகு காலத்துக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும் என்று உலகநாதன் ஒற்றைக்காலில் நின்றார். காலையிலேயே சாமான் ஏற்ற குட்டி யானை வண்டி வந்துவிட்டது. கட்டில், ஃபிரிட்ஜ், பாத்திர மூட்டை எல்லாம் இறங்கின. கடைசியாக நாற்காலியும் போனது. சகாயமேரி ஆண்டவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, படி திரும்பும் இடத்தில் நின்றாள். வாங்க போலாம் என்று மெதுவாகக் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு மேலே நின்ற என்னைப் பார்த்தாள்.

"இப்ப அவரு டூட்டில கீற நேரம் அண்ணாத்தே. சாயங்காலம் வந்து பார்த்தா ஊடு பூட்டிகினு இருக்குமே."

நீ போம்மா, பார்த்துக்கலாம் என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் முழுக்க எதிர் வீட்டில் பெயிண்ட் வாசனை. வேலைக்காரர்கள் போன பிறகு கட்டடம் அமைதியாகிவிட்டது. நான் வாசற்கதவைத் திறந்துபோட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரம். லைட் போட எழுந்தேன். அப்போது கேட்டது. பாதி செத்த என் காதில், நன்றாகவே கேட்டது. கைப்பிடிக் கம்பியில் சாவி. டிங், டிங். படி திரும்பும் இடம் வரை வந்து நின்றது.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால் அச்சு மட்டும் தரைத் தூசியில் தெரிந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கதவைச் சாத்திக்கொள்ளத்தான் முதலில் தோன்றியது. பிறகு அந்த ஸ்ட்ரெச்சர் திரும்பியது ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அவர் முகத்தில் கதவைச் சாத்த எனக்கு மனசு வரவில்லை. வாழ்நாள் முழுக்க வழி தெரியாதவர்களுக்கு எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில் சொன்னேன்.

"இக்னேஷியஸ், இங்க யாரும் இல்லப்பா. ஊடு மாத்திட்டாங்க. மெயின் ரோட்ல பூந்தமல்லி வண்டி ஏறு. கடைசி ஸ்டாப்பு. பழைய மார்க்கெட் பின்னால, பள்ளிவாசல் சந்து, மாடி. அங்க உள்ள விடுவாங்க. யாரும் நிறுத்த மாட்டாங்க. போ."

அப்புறம் சாவிச் சத்தம் படி படியாகக் கீழே இறங்கியது. உலகநாதன் வீட்டு வாசலைத் தாண்டியது. கேட் கொக்கி ஒருமுறை ஆடி நின்றது.

நான் வாசலிலேயே நின்றிருந்தபோது போன் அடித்தது. சகாயமேரி. பின்னால் ரெனிதா ஜெபமாலை சொல்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் டீத்தண்ணி வைத்திருக்கிறாளாம், ஆண்டவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டாளாம், கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"வருவாரா அண்ணாத்தே?"

"வண்டி ஏறிட்டாரும்மா" என்றேன். "கதவச் சாத்திடாத."