மரம் சாய்ந்த முற்றம்

நாளை திருவிழா. நேற்றைய புயல்காற்றில் ஜார்ஜ் டவுன் தேவாலய முற்றத்துப் பெரிய மரம் பந்தல் மேலேயே சாய்ந்துவிட்டது. இருபது வருடம் கழித்து வந்தவன், அதையே பார்த்து நிற்கிறேன். கிளைகளை இழுத்துப் போடும் அக்கா ஒருவர் நிமிர்கிறார்.

“என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க?”

“பூசைக்கு எங்க குடும்பமே இதுக்குக் கீழதான்கா உக்காரும். விடியுறதுக்கு முன்னாடியே அப்பா வந்து பாய் விரிச்சிருவாரு.”

“இடம் அப்படியேதான் இருக்குலா, நெழலுதான் போச்சு. புதுப் பந்தலுக்கு நேரமில்ல. நாளைக்குக் கொடை கொண்டாந்திருங்க.”

வெயிலில் பார்த்தால், வேர்க்குழிக்குப் பக்கத்தில் அந்த இடம் இரண்டு பாய் அகலம்கூட இல்லை. இதில்தான் ஏழு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

நாளைக்கு எனக்கு மட்டும் ஒரு குடை போதும்.