டர்போவுக்குப் பொட்டு

வடக்குப்பட்டில் நான் நடத்தும் கார் ஷெட்டுக்கு அவர் ஞாயிறுதோறும் வருவார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிஃப்ட்டுக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஐந்நூறு ஹார்ஸ்பவர் வேண்டும் என்றார். எங்கள் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக அவ்வளவாவது வேண்டாமா?

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவை எங்கே பொருத்துவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. வந்ததும் பானெட்டைத் திறந்து, தன் முஷ்டியையே டர்போவாக நினைத்து அங்கும் இங்கும் வைத்துப் பார்ப்பார்.

"கீழ வெச்சிடலாம் சார். மேல வெச்சா எடம் பத்தாது, ஏசியக் கழட்டணும். உள்ள ஒக்காந்து வெந்துடுவீங்க."

"கீழ வெச்சா, வல்லக்கோட்டை முருகன் கோயில்ல பூசை போடும்போது குருக்கள் எப்டிண்ணா பொட்டு வெப்பாரு? படுத்துக்கினா?"

எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் இதற்குப் பதில் சொல்லித் தருவதில்லை. ஏசியைக் கழற்றினேன். டர்போ மேலே பளபளவென்று உட்கார்ந்துகொண்டது.

பூசையன்று என்னையும் அழைத்துப் போனார். கோயில் வாசலில் வியர்வையில் ஊறிப்போய் இறங்கி, பானெட்டைத் திறந்துவிட்டுக் கைகட்டி நின்றார். சந்தனக் கிண்ணத்தோடு வந்த குருக்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மூடுங்க, மாலை போடணும்."

மூடினார். மூடிய பானெட்டுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார் குருக்கள். இவர் கண்ணை மூடி மனமுருகக் கும்பிட்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கூப்பிய கையை இறக்காமலே என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணா, பானெட்ட வெட்டி ஒரு கண்ணாடி வெச்சிடலாமா?"