டிக்கியில் உருண்ட தேங்காய்

ஸ்டீல்ஸ் வீதியில் திரும்பும்போதெல்லாம் காரின் டிக்கியில் 'டொக்' என்று சத்தம் கேட்கும். அது அத்தானின் தேங்காய். எங்கள் நகரத்துப் புட்போல் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்த வருடம் அது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் மோதி விழுத்தும் அந்த விளையாட்டில் அத்தானுக்கு அப்படியொரு பைத்தியம். "புது ஆள் வந்திட்டான், இனிப் பார்!" என்று துள்ளினார். சொந்த மைதானத்தில் முதல் வெற்றி கிடைத்ததும் பிள்ளையாருக்கு உடைப்பதாக நேர்ந்து, தேங்காயைக் காரிலேயே வைத்துவிட்டார்.

தோல்விமேல் தோல்வி. பயிற்சியாளர் ஓரத்தில் கைகட்டி நின்று எதையோ மென்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அக்கா தேங்காயை எடுத்துத் துருவிவிடுவாள். அத்தான் புதியதொன்று வாங்கி வைப்பார். அவர்கள் வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மென்ரில் குடியிருந்த நான் ஸ்கோர் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இடியப்பத்துடன் தேங்காய்ச் சம்பல் வந்தால் தோல்வி. அந்த வருடம் சம்பலுக்குக் குறைவேயில்லை.

கடைசியில் அக்கா பொறுமையிழந்தாள். "இஞ்சருங்கோ, கடைசி மட்சிலயும் தோத்தா அடுத்த வருசம் ரிக்கற் எடுக்கிறேல்ல!" வேலை, வீடு, மோட்கேஜ் கடன் என்று ஓடிய அத்தானுக்கு, வருடம் முழுவதற்குமாக மைதானத்தில் ரிக்கற் எடுத்து வைத்த அந்த ஒரு கதிரைதான் மூச்சுவிடும் இடம். ஆனாலும் "ஓம்" என்றார். அவர் வாக்கு மாறிவிடாமல் பார்க்க அக்காவும் என்னை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

முதல் பாதி முழுவதும் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். பிறகு எங்கள் பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். ஒருவனை வெட்டி விலகி, இன்னொருவனைத் தள்ளி... "ஓடடா தம்பி, ஓடடா!" யாரென்று திரும்பினால், அக்கா கதிரைமேல் ஏறி நிற்கிறாள்! முன்வரிசை வெள்ளைக்காரரும் "ஓடடா" என்று சேர்ந்து கத்தினார். பையன் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். முன்னிலையில் நின்றோம், வெற்றி கைக்கெட்டும் தூரம். கடைசிக் கணத்தில் எதிரணி உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனது, அவர்களுக்கு மூன்று புள்ளி. ஒரு புள்ளியால் தோற்றோம்.

அத்தான் கார்வரை நடந்தார். "சொன்னா சொன்னதுதான். ரிக்கற் வேண்டாம்" என்றார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" கத்திக் கத்தி அக்காவுக்குக் குரலே அடைத்துப்போயிருந்தது. "அந்தக் கோச் பாவம், அவருக்கு ஒரு வருசம் போதுமோ? மூண்டு ரிக்கற் எடுங்கோ!"

அதன்பின் வந்த வருடங்களில் அணி வென்று, பிள்ளையார் வாசலில் எத்தனையோ தேங்காய்கள் உடைந்துவிட்டன. இந்த வருடம் மறுபடியும் புதிய பயிற்சியாளர், மறுபடியும் தோல்விகள். இப்போது காரை நான்தான் ஓட்டுகிறேன். நேற்று மட்சுக்குப் போகும் வழியில், ஸ்டீல்ஸில் திரும்பியபோது டிக்கியில் டொக், டொக் என்று இரண்டு சத்தம் கேட்டது. கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். அவர் ஒரு விரலைக் காட்டித் தலையாட்டினார்.

"மற்றது என்ர" என்றாள் அக்கா.