பூட்டிய சேறு

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில், டன்னிங் குடாவில் யாரைக் கேட்டாலும் லோர்னா ஆலியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். கடலோரச் சேற்றைப் புரட்டி மட்டிச் சிப்பி தோண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவரும் இல்லை. இரண்டாவதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில்தான் அவள் முதலில் வேலை பார்த்தாள். ஆலையை மூடினார்கள். மற்ற பெண்கள் ஊரைவிட்டுப் போக, இவள் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குட்டைப் பிடி போட்ட முள்கொத்தும் கூடையுமாகச் சேற்றில் இறங்கினாள். கடல் வற்றினால் வேலை, ஏறினால் வீடு. இடுப்பை மடித்துக் குனிந்தால் தண்ணீர் வந்து விரட்டும்வரை நிமிரக் கூடாது. ஒரு வாரம் தாங்கமாட்டாள் என்று கரையில் நின்று பந்தயம் கட்டினார்கள் ஆண்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று இடுப்பு விட்டுப்போய் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஐம்பத்தெட்டு வயதிலும் சேற்றில்தான் இருக்கிறாள்.

மட்டிக்கு விலை இருக்கும் வாரம் சாப்பாடு நன்றாக இருக்கும். இல்லாத வாரத்துக்கு அரசாங்கத்தின் உணவு அட்டை கைகொடுத்தது. கடையில் அதை நீட்டும்போது சிலர் ஒளித்து ஒளித்து நீட்டுவார்கள். லோர்னா கல்லாவில் சத்தம் கேட்கும்படி வைப்பாள். இந்த ஊர்ச் சேற்றை நான் புரட்டுகிறேன், ஊர் எனக்கு உருளைக்கிழங்கு தரட்டும் என்பது அவள் கணக்கு.

அப்புறம் சட்டம் மாறியது. முன்பெல்லாம் அவள் வயதுக்காரர்களை விட்டுவைத்திருந்தார்கள். இப்போது அவர்களும் மாதம் எண்பது மணி நேரம் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். மூன்று மாதம் தவறினால் அட்டை நின்றுவிடும். நலத்துறை அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் அவளிடம் விவரங்களைக் கேட்டுக்கொண்டே கணினியில் தட்டினாள். வேலையில் உங்களுக்கு மேலதிகாரி யார் என்று கேட்டதற்கு, கடலை ஏற்றி இறக்கும் நிலாதான் என்றாள் லோர்னா. குடும்பப் பெயர் என்ன என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்டாளாம். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது.

சிரிப்பு ஜூன் மாதத்தோடு நின்றது. குளிர்காலத்தில் சேறு உறைந்து கிடந்ததால் இரண்டு மாதம் ஏற்கெனவே தவறியிருந்தது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. பெருமழை பெய்தால் சாக்கடையெல்லாம் கடலுக்கு வரும், மட்டியைத் தின்றவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதனால் அரசாங்கம் சேற்றுக்குத் தடை போடும். சேற்றைப் பூட்டிவிட்டார்கள் என்பார்கள் ஊரில். மீறி இறங்கினால் அபராதம், உரிமமும் போகும். திறக்கும் நேரத்தில் மறுபடி மழை, மறுபடி பூட்டு. லோர்னா தினமும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாதம் முடிந்தது. அட்டை நின்றது.

அவள் அலுவலகத்துக்குப் போய்க் கத்தினாள். அந்தச் சின்னப் பெண் நல்லவள். முதுகு வலி என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னாள். வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றாள். பக்கத்து வீட்டு நாத்தனார் டார்லினும் அதையேதான் சொன்னாள். அவளுக்குத் தெரியும்: லோர்னா காலையில் கட்டிலிலிருந்து எழுவதில்லை, தரைக்கு உருண்டு, சுவரைப் பிடித்து ஏறுகிறாள். எந்த டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். லோர்னா கேட்கவில்லை. மேல்முறையீடு செய்தாள்.

விசாரணை தொலைபேசியில் என்றார்கள். அவர்கள் குறித்த நாள், சேற்றைத் திறந்த முதல் நாள். குறித்த நேரம், கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரம். லோர்னா கைபேசியை மேல்சட்டைப் பையில் போட்டு, குரல் வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டு, சேற்றில் இறங்கிவிட்டாள்.

அதிகாரி பெலெட்டியர் விதிகளை வாசித்து முடித்தார். பிறகு, பின்னால் சளக் சளக்கென்று என்ன சத்தம் என்று கேட்டார்.

"வேலை செய்யிறேன். அதப் பத்தித்தானே கூப்பிட்டிருக்கீங்க?"

"விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமே, மேடம்."

"கடல்கிட்ட சொல்லிப் பாருங்க. அது நிறுத்தினா நானும் நிறுத்துறேன்."

ஜூனில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார். பூட்டியிருந்தது என்றாள். யார் பூட்டியது என்றார். நீங்கள்தான் என்றாள். அது வேறு துறை என்று அவர் விளக்கத் தொடங்கினார்.

"ஒரு கை சேத்தப் பூட்டுது. இன்னொரு கை, ஏன் சேத்துல எறங்கலன்னு தட்டைப் புடுங்குது. ரெண்டும் ஒரே ஒடம்புலதான இருக்கு? ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லையா?"

பெலெட்டியரின் குரல் இறங்கியது. முதுகைப் பற்றி அலுவலகத்தில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். "தகுதியில்லைன்னு பதிஞ்சா இன்னைக்கே முடிச்சுடலாம், மேடம். பூட்டினதுதான் காரணம்னு எழுதினா, மேல ஒத்துக்குவாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அன்று முதல் முறையாக லோர்னாவின் கொத்து நின்றது. வீட்டு அலமாரியில் ஓட்ஸும் அரை பாட்டில் வெல்லப்பாகும்தான் இருந்தன. முதுகு அந்த நிமிஷமும் தெறித்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதில் பொய்யும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில், இத்தனை வருஷம் சேற்றில் உழைத்தவள் தகுதியில்லாதவள் ஆகி, அவர்கள் பூட்டியதும் அவளுடைய குற்றமாகிவிடும். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதிக்கோங்க. லோர்னா ஆலி ஜூன் மாசம் பூரா கொத்தும் கையுமா கரையில நின்னா. சேத்தப் பூட்டினது நீங்க. அவ தகுதியில கொறை இல்ல."

"அப்படியேவா எழுதணும்?"

"ஒரு எழுத்து மாறக் கூடாது."

தண்ணீர் பூட்ஸைத் தொட்டது. தொலைபேசியில் இருந்தவரிடம், இந்த நாள் நல்லபடியாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

தீர்ப்பு வரும்வரை அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விற்காத மட்டியையே வேகவைத்துத் தின்றாள். சனிக்கிழமைகளில் டார்லின் ஒரு சட்டி பீன்ஸ் கொண்டுவந்து வைப்பாள். உப்பு பத்தவில்லை என்று திட்டிக்கொண்டே லோர்னா சட்டியைக் காலி செய்வாள். கடைசியில் தீர்ப்பு வந்தது. வேலை இல்லாமல் போனது அவள் கையில் இல்லாத காரணத்தால். ஜூனைத் தவறிய மாதமாகக் கணக்கில் கொள்ளக் கூடாது. அட்டையைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

டார்லினுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் பொறுக்கவில்லை. "முதுகுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கெடச்சிருக்கும். இத்தன நாள் பட்டினி கெடந்து என்ன கண்ட, லோர்னா?"

"அன்னைக்குக் கெடச்சிருந்தா அது என் முதுகுக்குக் கெடச்சதா இருக்கும், டார்லின். இது எனக்குக் கெடச்சது."

சொல்லிவிட்டுக் காப்பி எடுக்க எழுந்தவளுக்குப் பாதியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். அவள் முழுக்க நிமிரும்வரை டார்லின் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே என்னவோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.