சிரட்டையில் ஊற்றிய தேன்

என் தம்பி சவூதியில் ஒரு தேன் பண்ணையில் வேலை செய்கிறவன். லீவில் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் டெலிபோன் கோல் எடுத்து, "ராத்தா, ஒங்களுக்கு என்ன கொண்டு வார?" என்று கேட்டான். நான் வாய் திறக்கும் முன் அவனே பதிலையும் சொல்லிவிட்டான்.

"ஒரு ராணிப்பூச்சி கொண்டு வாரன். விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கூடு இரிக்கி. அதுக்குள்ள ராணியையும் அஞ்சாறு பூச்சியையும் போட்டு சேட்டுப் பொக்கட்டுக்குள்ள வெச்சா ஒருத்தருக்கும் தெரியா. இங்கத்தப் பூச்சி பெரிசு ராத்தா. நம்மட பூச்சி ஒரு வருசத்துல தார தேன இது ஒரு மாசத்துல தந்திரும்."

"கொண்டு வந்தா நீ இந்த வீட்டுப் படி ஏறப்படாது," என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. புத்தளத்தில் நடந்த தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஐந்து நாள் பஸ்ஸில் போய் வந்தவள் நான். அங்கே மற்ற எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி இறுக்கிக்கொண்டு வந்தேன். வெளிநாட்டுத் தேன்பூச்சியை நினைத்தபடி இந்த நாட்டுக்குள் கொண்டு வர முடியாது. பூச்சி மட்டுமல்ல, அது குடியிருந்த பழைய பெட்டி, சட்டகம், மெழுகு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. கண்ணுக்குப் பிடிபடாத உண்ணி வரும், குடம்பியை, அதாவது பூச்சியின் புழுக் குஞ்சை, கூட்டுக்குள்ளேயே அழுகவைக்கும் நோய் வரும். நம்முடைய பூச்சி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிவரக் கடல் இருப்பதால் இதுவரை தப்பியிருக்கிறோம் என்று சொல்லித் தந்தார்கள்.

இதையெல்லாம் தம்பிக்கு அரைமணி நேரம் ஓதினேன். அவன் களைத்துப்போய், "சரி, கொண்டு வரல்ல," என்றான். நான் அதோடு விட்டேனா? என் சொந்தத் தம்பியையே தடுத்த கதையைக் கலியாண வீட்டில் சொன்னேன், மையித்து வீட்டிலும் சொன்னேன். ஊரில் எனக்கு 'கஸ்டம்ஸ் ராத்தா' என்று பெயர் விழுந்தது. வெளியில் கோபப்படுகிற மாதிரிக் காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

தம்பி ராணிப்பூச்சி கொண்டு வரவில்லை. பதிலுக்கு உடுப்புகளுக்கு நடுவில் ஒரு பெரிய கேனில் தேன் கொண்டு வந்தான். கறுத்த, தடித்த தேன். மருந்து வாசம் அடித்தது. நாலு நாள் பாணில் தடவிச் சாப்பிட்டுப் பார்த்தோம். தென்னம்பூத் தேன் தின்று பழகிய நாக்குக்கு அது ஒத்துவரவில்லை. கேன் அலுமாரிக்குள் போய் உறைந்து கிடந்தது.

இந்த இடத்தில் என் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. இங்கேயே படித்து, இங்கேயே கலியாணம் முடித்தாள். புருஷன் கடல் தொழில். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும். என்னிடம் ஐந்து தேன்பெட்டி, அவளிடம் எட்டு. பயிற்சிக்குப் போனவள் நான், ஆனால் பூச்சிக்குப் பிரியமானவள் அவள்தான். கைக்கு உறை போடமாட்டாள். புருஷனின் பழைய நீளக்கைச் சேட்டை மாட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறப்பாள். அவளுடைய முதல் கூட்டம் வீட்டுப் பின்பக்கக் கோடியில் கவிழ்த்து வைத்திருந்த ஓட்டைப் பானைக்குள் வந்து குடியேறியது. "தானா வந்தது ராத்தா, நான் கூப்பிடல்ல," என்று இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வாள். அந்த ஒன்றைப் பிரித்துப் பிரித்துத்தான் எட்டாக்கினாள்.

போன வருடம் மழை விடாமல் பெய்து பூவெல்லாம் கொட்டிப்போனது. நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வீடு கழுவி, அலுமாரி ஒதுக்கினேன். தேன் கேன் கையில் அகப்பட்டது. யாரும் தின்னப்போவதில்லை. ஆனால் கானுக்குள் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. குர்ஆனில் நிவாரணம் என்று சொல்லப்பட்ட பொருளை ஊத்தை ஓடுகிற இடத்தில் எப்படிக் கொட்டுவது? எங்கள் வீட்டில் தேன் வழித்த கரண்டியைக் கழுவின தண்ணீரைக்கூட மர வேரில்தான் ஊற்றுவோம். வெளியில் பார்த்தால் பூச்சிகள் பசியில் வாடிக்கொண்டிருந்தன. வழக்கமாகச் சீனிப் பாணி காய்ச்சி வைப்பேன். தேன் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும், பூச்சிக்குக் கொடுத்தால் தர்மம் செய்த ஸதகாவாகவும் ஆகும் என்று என் புத்தி எனக்குச் சொன்னது.

சுடுதண்ணீரில் தேனைக் கரைத்தேன். பத்துப் பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை முருங்கை மரத்தடியில் வரிசையாக வைத்து ஊற்றினேன். பூச்சி முங்கிச் செத்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஈர்க்குத் துண்டு போட்டேன். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க இரைச்சல். என் பூச்சிகள் வந்தன, வேலி தாண்டி அவளுடைய பூச்சிகளும் வந்தன.

அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன ராத்தா, என்ட ஆக்களுக்கும் சேத்தா விருந்து?"

"ஓம், நோன்பு வருதுதானே," என்றேன்.

"அல்லாஹ் கூலி தருவான்," என்றாள். சீனிப் பாணி என்றுதான் அவள் நினைத்தாள். நானும் வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை, சொல்லவேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

நோன்பு பாதி போனபிறகு, ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். கருவாட்டுக்கும் பசைக்கும் நடுவில் ஒரு வாசம். வதையில் குடம்பி அறைகளின் மூடிகள் உள்ளே குழிந்திருந்தன. வெள்ளையாக இருக்கவேண்டிய குடம்பிகள் கோப்பி நிறத்தில் கரைந்து கிடந்தன. அடுத்த பெட்டியும் அப்படி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கூப்பிட்டாள். "ராத்தா, இங்க கொஞ்சம் வாங்களேன். என்ட பூச்சிக்கு என்னமோ நடந்திரிக்கி."

மறுநாள் தேனீப் பிரிவு உத்தியோகத்தர் வந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைப்பார். ஒரு ஈர்க்கை முறித்து, அழுகிய குடம்பியில் குத்தி மெதுவாக இழுத்தார். கோந்து மாதிரி நூல் ஓடி வந்தது. அவருடைய முகம் மாறியது. மாதிரி எடுத்துப் போத்தலில் அடைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வேலியடியில் நிற்கவைத்துக் கேட்டார்.

"அக்கா, வெளியிலிருந்து பழைய பெட்டி, சட்டகம் ஏதாவது கொண்டு வந்தீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரி உடனே சொன்னாள். "ஓம் மிஸ். போன மாசம் மன்னாருக்குத் திரும்பிப் போய் இரிக்கிற எங்கட மூத்த நானாவப் பாக்கப் போனன். அவர் ரெண்டு பழைய வெறும் பெட்டி தந்தார். பஸ்ஸுல கொண்டு வந்து ரெண்டு கூட்டத்த அதுக்கு மாத்தினன்."

உத்தியோகத்தர் அதை எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிநாட்டுத் தேன் ஏதாவது பூச்சிக்குக் குடுத்தீங்களா? மனுசர் சாப்பிட்டா ஒண்டும் இல்ல. பூச்சிக்குக் குடுத்தா அதுக்குள்ள இரிக்கிற நோய் அப்படியே வரும். வெளிநாட்டுப் பூச்சியத் தடுக்கிறதும் இதுக்குத்தான்."

சிரட்டைகள் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பயிற்சியில் பூச்சி என்று சொன்னார்கள், பெட்டி என்று சொன்னார்கள். தேனைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள், நான்தான் அந்த நேரம் பக்கத்தில் இருந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்திருப்பேன். கஸ்டம்ஸ் ராத்தா என்ற பெயரும் சேர்ந்து ஞாபகம் வந்தது.

"இல்ல," என்றேன்.

பொய் சொன்ன வாயோடு அன்றைக்கு நான் பிடித்தது நோன்பு அல்ல, வெறும் பட்டினி.

பரிசோதனை முடிவு வரும்வரை ஒரு பெட்டியையும் அசைக்கக் கூடாது, ஊருக்குள் பூச்சி கொண்டுவரவும் கூடாது, கொண்டுபோகவும் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். கதை அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. மன்னார்ப் பெட்டியால் வந்த நோயாம். வந்த ஆக்கள் சும்மாவா வருவாங்க, எதையாவது கொண்டுதான் வருவாங்க என்று ஒருத்தி என் வீட்டு வாசலில் நின்றே சொன்னாள். முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் தண்ணி குடிக்கிறவளைப் பற்றிய கதை அது. வேறு நாளாக இருந்தால் அவளைக் கிழித்துத் தொங்கப்போட்டிருப்பேன். அன்று சோறு வேகுதா என்று பார்க்கப்போகிறவள் மாதிரி குசினிக்குள் போய்விட்டேன்.

ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் நான் வேலிக்கு மேலால் அவளுக்குக் கஞ்சி கொடுப்பதும், அவள் எனக்கு வாடா பொரித்துக் கொடுப்பதும் வழக்கம். அந்தக் கிழமையும் கொடுத்தோம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்துப் பயந்தேன்.

நோயென்று முடிவு வந்தது. பதின்மூன்று பெட்டிகளையும் குழி தோண்டி எரிக்கவேண்டும். அடுத்த நாள் பின்னேரம் என்று நாள் குறித்தார்கள். அன்று கஞ்சிக் கோப்பையை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி அதைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, மாப்புச் செய்யுங்க. என்ட பெட்டியால ஒங்கட பூச்சியும் போகுது. நானா தந்தத வேணாம் எண்டு சொல்ல மனம் வரல்ல. நான் அறிஞ்சு செய்யல்ல."

உள்ளதைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது. நான் என்ன செய்தேன்? "அழாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பள்ளியில் பாங்கு சொன்ன பிறகும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நான் கேட்கவேண்டிய மன்னிப்பை அவளைக் கேட்கவிட்டுவிட்டு இருக்கிறேன் என்ற எண்ணம் என்னைத் தின்றது. விடியும்வரை புரண்டு கிடந்தேன்.

மறுநாள் அஸருக்குப் பிறகு குழி தயாரானது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவளுடைய புருஷனும் கடலுக்குப் போகாமல் நின்றான். உத்தியோகத்தர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் வந்த வழி என்ற இடத்தில் மன்னாரிலிருந்து வந்த பழைய பெட்டி என்று எழுதியிருப்பதாக வாசித்துவிட்டு, கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் சேட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"வைக்காதீங்க," என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, அதனால் இன்னும் உரத்துச் சொன்னேன். "அவட பெட்டி இல்ல. நான்தான். தம்பி கொண்டு வந்த சவூதித் தேன நான் சிரட்டையில ஊத்தி வெச்சன். அவட பூச்சியும் வந்து குடிச்சிச்சி. மிஸ் கேட்ட நேரம் இல்லண்டு பொய் சொன்னன்."

யாரோ ஒருவர், "கஸ்டம்ஸ் ராத்தாவா?" என்றார். சிரித்தார்களா என்று தெரியவில்லை. உத்தியோகத்தர் என்னை ஏசவில்லை. மன்னார்ப் பெட்டியையும் இல்லை என்று ஒதுக்க முடியாது, ஆனால் தேன்தான் அதிகம் பொருந்துகிறது என்று மட்டும் சொன்னார். எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

பூச்சிகள் எல்லாம் கூடு திரும்பும்வரை காத்திருந்து, பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு வாசலையும் ஈரத் துணியால் பக்கத்து வீட்டுக்காரியே அடைத்தாள். என்னுடைய ஐந்தையும் அவள்தான் அடைத்தாள். எனக்குக் கை ஓடவில்லை. பெட்டிகளைக் குழிக்குள் இறக்கி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். முதல் பெட்டியை, பானையிலிருந்து வந்த கூட்டத்தின் பெட்டியை, அவள் கடைசியாகத்தான் கொடுத்தாள். உள்ளே இரைவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

நெருப்பு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்டது. அவளுடைய புருஷன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தான். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, குழியைப் பார்த்தபடியே செம்பை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன்.

"மாப்புச் செய்யுங்க," என்றேன். "பூச்சிக்கு மட்டும் இல்ல. இந்தக் கிழமை முழுக்க ஒங்களப் பத்தி ஊரப் பேச விட்டுட்டு நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்."

"குடிங்க ராத்தா, நோன்பத் திறங்க," என்றாள். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சொன்னாள்.

"அவங்க கதைச்சது எனக்குப் பெரிசில்ல. சின்னதுல இருந்து கேட்டதுதானே. இந்த முறை நானும் அத நம்பிட்டன் ராத்தா. பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வந்தத நெனச்சி நெனச்சி, நான் போற எடத்துக்கெல்லாம் ஏதோ கொண்டுதான் போறன் போல எண்டு."