மடியில் இருந்த வட்டம்

ஓவியக் கல்லூரியில் அவளுக்குச் சிலையக்கா என்று பெயர். மாணவர்களும் வாத்தியார்களும் பார்த்து வரைய, அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சிலையக்கா அசையமாட்டாள் என்பார்கள். வீட்டிலும் உறவிலும் மட்டும் கூட்டித் துடைக்கப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளமா என்று கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பெற்ற மகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். தவழும் வயதில் தன் அக்கா வீட்டில் விட்ட குழந்தை. அங்கிருந்த பிள்ளைகள் சித்தி என்றார்கள், அதுவும் சித்தி என்றது. அக்காவை அம்மா என்றது. திருத்தலாம், திருத்தலாம் என்று இருப்பதற்குள் வளர்ந்து, மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டது. சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒரே ஒருமுறை, "நீங்க என்னை மடியிலயே வெச்சதில்லையாமே" என்றாள். சிலையக்கா அதற்கும் அசையவில்லை. ஆனால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான், கல்லூரியின் பழைய வாத்தியார் ஒருவரின் படங்களைக் கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், மகளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனாள்.

அங்கே படங்களை விளக்க ஒருவர் இருந்தார். கழுத்தில் அட்டை, நாக்கில் வெல்லம். 'சுமை' என்ற படத்துக்கு முன்னால் நின்றார். முகமில்லாத ஒரு பெண், ஒரே கோட்டில் வளைந்த முதுகு, மடியில் ஒரு வட்டம். அது ஆலைகள் மூடிக்கிடந்த காலம் என்றார். உழைக்கும் பெண்ணை யாரும் முகம் பார்த்துப் பேசாததால் ஓவியர் முகத்தை விட்டுவிட்டார், வட்டம் பசியாக இருக்கலாம், காலிப் பானையாகவும் இருக்கலாம், அதில் கோடு இரட்டையாக விழுந்திருப்பது அந்தக் காலத்தின் நடுக்கம் என்றெல்லாம் சொன்னார்.

சிலையக்காவுக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. ஆலை மூடித்தான் கிடந்தது. புருஷனுக்கு வேலை போனதால்தான் அவள் அந்த நாற்காலிக்கே வந்தாள். சுமை என்பதும் சரிதான், இறக்கி வைக்க மனசு வராத சுமை. வட்டத்தில்தான் மனுஷர் கோட்டைவிட்டார்.

"இது நான்தான்" என்றாள் மகளிடம், மெல்ல.

மகள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டித் துடைத்த பொய் அங்கேயே வெளுத்துப்போயிற்று. கோபித்துக்கொள்வாள் என்று பயந்தது வீண்.

"அப்ப மடியில என்ன?"

"நீ. போர்வைக்குள்ள தூங்கிட்டிருந்தே. பால் குடிக்கிற புள்ளைய எங்க விட்டுட்டு வர்றது? நடுவுல ஒருதரம் உதைச்சே. அதான் கோடு ரெண்டா விழுந்திருக்கு."

மகள் அந்த இரட்டைக் கோட்டைக் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். அதே நாற்காலி, அதே முதுகு. மடி காலி. கைகள் இரண்டும் மட்டும் வளைந்து நின்றன. இங்கேதான் ஓவியர் உருவத்தைக் கடந்து வெறும் வடிவத்துக்குப் போகிறார் என்றார் விளக்குகிறவர்.

"இதுல நான் இல்லையே."

"உன்னை அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தேன்ல, அன்னைக்கு வரைஞ்சது."

"பின்ன கை ஏன் இப்படியே இருக்கு சித்தி?"

"வாத்தியாரும் இறக்குன்னுதான் சொன்னாரு. எங்க வெக்கிறதுன்னு தெரியல."

விளக்குகிறவர் மற்றவர்களை அடுத்த அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். இவர்கள் இருவரும் போகவில்லை.